குடும்பத்தில் வருமா இந்தத் தோல்?

(ஆதரவாளர் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



தோலில் வரும் முட்களைப் பற்றி ஒரு போதகர் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள், டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியைப் போதகரிடம் கேட்பார்கள். அப்படி அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இது குடும்பத்தில் வருகிறதா?"

கேட்கிறவர்கள் பெரும்பாலும் தாய்மார், அதிலும் கலியாண வயதில் மகளை வைத்திருக்கிற தாய்மார். அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "இது என்னால் வந்ததா?" என்பதே அது. இரண்டு கேள்விகளுக்கும் உண்மையான பதில் சொல்லவேண்டியது நம் கடமை.

தோலில் சொரசொரப்பான சிறு முட்கள் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. இரத்தத்தினால் வருவது ஒன்று, பானையினால் வருவது ஒன்று, பாயினால் வருவது ஒன்று. மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, இரத்தத்தினால் வருவது.

சிலருக்கு மேல்கையின் வெளிப்புறத்திலும், தொடையிலும், சில பிள்ளைகளுக்குக் கன்னத்திலும், ரவையைத் தூவினதுபோலச் சிறு சிறு புள்ளிகள் எழும்பியிருக்கும். தடவினால் உப்புக் காகிதம்போல் இருக்கும். இறகு பிடுங்கிய கோழியின் தோல்போல இருப்பதால் கோழித்தோல் என்றும் சொல்லுகிறார்கள். டாக்டர்கள் இதைக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்பார்கள். நம் மேல்தோலும் நகமும் முடியும் கெரட்டின் என்ற பொருளினால் ஆனவை. இந்தக் கெரட்டின் மிகுதியாய்ச் சேர்ந்து, முடி முளைக்கிற சிறு துவாரத்தை ஒரு தக்கைபோல அடைத்துக்கொள்ளுகிறது. அவ்வளவுதான். இது தொற்றாது, உள்ளுறுப்புகளைத் தொடாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை. வாலிபப் பிராயத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் உண்டு என்று தோல் மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இந்த மண்டபத்திலேயே சட்டைக் கையை மடக்கிப் பார்த்தால் பலர் இருப்போம்.

இது குடும்பத்தில் வருமா? ஆம், அநேகருக்கு வரும். பல குடும்பங்களில், தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இதில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். ஒன்று, அந்த ஒருவர் தகப்பனாகவும் இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். ஆண், பெண் என்ற பேதம் அதற்கு இல்லை. ஆகையால் மருமகளைப் பார்த்து, "எங்கள் வம்சத்தில் இல்லாததை நீ கொண்டுவந்தாய்" என்று சொல்லுகிற மாமியாருக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டாவது, ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மிகுதியாயும் மற்றவருக்கு லேசாயும் இருக்கும். சிலருக்குச் சிறுவயதில் இருந்து பின்பு மறைந்துபோயிருக்கும். 1994இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 49 பேரை விசாரித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயது ஏற ஏறக் குறைந்தது. பத்தில் நான்கு பேருக்கு மாறாமல் இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு அதிகமானது. ஆகையால் "எனக்கு இல்லையே" என்று சொல்லுகிற தகப்பனாருக்குப் பதினைந்து வயதில் இருந்திருக்கலாம், அவர் கவனித்திருக்கவே மாட்டார்.

2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஏற்படும் குறைதான், மீன்செதில்போலத் தோல் வறண்டு உரியும் வியாதிக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தோலின் ஈரத்தைக் காப்பது அந்தப் புரதமே. கோழித்தோல் உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடத்திலும் அதே குறை காணப்படுகிறது, எல்லாரிடத்திலும் அல்ல. வறண்ட தோலும் கரப்பானும் இழுப்பும் உள்ள குடும்பங்களில் இது அதிகமாய் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

"மாமன் மகளைக் கட்டினதால் வந்ததா ஐயா?" என்றும் கேட்கிறார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் கூடுகிற வியாதிகள் உண்டு. அவை ஒரே குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போது தோன்றுகிறவை. கோழித்தோலுக்கு ஒரு பக்கமே போதுமானதால், அந்தப் பழியை உறவுக் கலியாணத்தின்மேல் போட இடமில்லை.

இதற்கு என்ன செய்வது? பீர்க்கங்கூடு, கல், நார் கொண்டு தேய்க்காதிருங்கள், கிள்ளாதிருங்கள். காரமான சோப்பைத் தவிர்த்து, குளித்த ஈரம் காயுமுன்னே எண்ணெயோ களிம்போ தடவுங்கள். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் சேர்ந்த களிம்பை டாக்டர் எழுதிக்கொடுப்பார். தோல் மிருதுவாகும், ஆனாலும் அடியோடு போகாது. அடியோடு போக்குகிறேன் என்று பணம் வாங்குகிறவர்களிடம் போகாதிருங்கள்.

இரண்டாவது, பானையினால் வருவது.

இதுவும் முள்முள்ளாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் பெரிதாய், கூம்புபோல, கறுத்துக் காணப்படும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வரும். 1933இல் லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் இதற்கு ஃபிரினோடெர்மா என்று பெயரிட்டு எழுதினார். தேரைத்தோல் என்று அர்த்தம். அதே பத்தாண்டில் நீலகிரியிலுள்ள குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தார் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். உணவில் வைட்டமின் ஏ, பி வகைகள், எண்ணெய்ச் சத்து ஆகியவை குறைவதே இதற்குக் காரணம்.

அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேருக்கும் இது இருந்தால் பரம்பரை என்றுதானே தோன்றும்? ஆனால் அந்த மூன்று பேரும் ஒரே இரத்தத்தில் பிறந்ததுமாத்திரமல்ல, ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். பானையில் சோறும் ரசமும்மாத்திரம் இருந்தால் மூன்று பேருக்கும் அதே குறைவுதான் வரும். இங்கே "பரம்பரை" என்று சொல்லிக் கைகழுவினால் அது பாவம். முருங்கைக்கீரை, முட்டை, கடலை, எண்ணெய், டாக்டர் கொடுக்கிற வைட்டமின் இவற்றால் சில மாதங்களில் மாறக்கூடியது அது.

மூன்றாவது, பாயினால் வருவது.

ஒரே பாயில் படுத்து, ஒரே துணியைப் போர்த்துகிற வீட்டில் சிரங்கு எல்லாருக்கும் வரும். விரல் இடுக்கில் பருக்கள், இரவில் அரிப்பு. வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும். இது தொற்று, பரம்பரை அல்ல.

இந்த வரிசையில் குஷ்டரோகத்தையும் சொல்லவேண்டும். முகத்திலும் காதுமடலிலும் எழும்புகிற கட்டிகளைக் கண்டு எத்தனை குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன! நார்வே தேசத்தில் டேனியல்சென் என்ற பெரிய மருத்துவர் 1847இல் வெளியிட்ட புத்தகத்தில் குஷ்டம் பரம்பரை வியாதி என்றே கருதினார். அவருடைய மகளையே மணந்த ஹான்சென் 1873இல் அந்தக் கட்டிகளில் கிருமியைக் கண்டார். குடும்பத்தில் வந்தது உண்மை, ஆனால் இரத்தத்தினால் அல்ல, நெடுநாள் நெருங்கி வாழ்ந்ததினால் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை எதிர்க்கிற சக்தி இயல்பாகவே உண்டு. 1995முதல் உலகெங்கும் கூட்டு மருந்து இலவசமாய்க் கொடுக்கப்படுகிறது. 6 மாதத்திலோ 12 மாதத்திலோ சிகிச்சை முடிந்துவிடும்.

அப்படியிருந்தும், கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், கணவனையோ மனைவியையோ தள்ளிவிடக் குஷ்டம் ஒரு காரணமாக 2019வரையில் நீடித்திருந்தது. அந்த ஆண்டில்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. மருந்து வந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பழி சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிரியமானவர்களே, லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைப் பலர் பயத்தோடு வாசிக்கிறார்கள். அங்கே சொல்லப்படுகிற வியாதி இன்றைய குஷ்டரோகம்மாத்திரம் அல்ல. அந்த எபிரெயச் சொல் வஸ்திரத்துக்கும், அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்குங்கூட வருகிறது. அங்கே ஆசாரியன் என்ன செய்கிறான்? கிட்டப்போய்ப் பார்க்கிறான். சந்தேகமானால் ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கிறான். தூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. அந்த அதிகாரம் முழுவதிலும், உன் தகப்பன் யார், தாய் யார் என்று அவன் ஒருதரமும் விசாரிக்கிறதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சீஷர்கள். பிறவியிலே பார்வையற்றவனைக் கண்டு, குற்றம் இவனுடையதா, பெற்றோருடையதா என்று கேட்டார்கள். ஆண்டவர் இரண்டு பதிலையும் மறுத்தார், அவன் கண்ணைத் தொட்டார்.

குடும்பத்தில் வருவது வேறு, குடும்பத்தின் குற்றம் வேறு. இரத்தத்தினால் வருவதை ஒருவரும் தெரிந்துகொண்டு கொடுப்பதில்லை. மூக்கும் குரலும் வருகிற வழியிலேதான் அதுவும் வருகிறது. பானையினால் வருவதற்குத் தாய்மேல் குற்றம் சாட்டுமுன் அந்த வீட்டு அரிசிப் பெட்டியைப் பாருங்கள். பாயினால் வருவதற்கு மருந்து உண்டு.

நமது சபைகளிலே வரன் பார்க்கிறவர்களும், பெண் பார்க்க முன்னே போகிறவர்களும், ஆலயத்துக்கு வெளியே நின்று ஒரு குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுகிறவர்களும் நாம்தான். "அவர்கள் வீட்டில் தோல் வியாதி உண்டாம்" என்ற அந்த ஒரு வார்த்தையினால் ஒரு பிள்ளையின் கலியாணம் நின்றுபோகிறது. அந்தப் பிள்ளை வெயில் காலத்திலும் முழங்கை மூடிய சட்டையோடு பாடகர் குழுவில் நிற்கிறாள். அவளுக்கு இருப்பது பெரும்பாலும் நம்மில் பாதிப்பேருக்கு இருக்கிறதே.

ஆகையால் இனி ஒருவர் உங்களிடம், "இது குடும்பத்தில் வருமா?" என்று கேட்டால் பயமில்லாமல் பதில் சொல்லுங்கள். "வரலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் எந்த வழியாய் வந்தது என்று டாக்டர் ஒருதரம் தொட்டுப் பார்க்கட்டும். உணர்ச்சியற்ற தேமலோ, காதுமடலில் தடிப்போ இருந்தால் நாளைக்கே வாருங்கள், தாமதிக்கவேண்டாம்" என்று சொல்லுங்கள். தனியே வரக் கூச்சப்பட்டால் நீங்களும் கூட வாருங்கள். நீங்கள் கொடுக்கிற காணிக்கை மருந்து வாங்கும். அந்தத் தாயோடு பெஞ்சில் பக்கத்தில் உட்காருவதற்கு ஆள்தான் வேண்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.