கீபோர்டு வாங்கப் போனால் கணக்கு எழுதுகிறவரையும் கூட்டிப் போங்கள்

(திண்டுக்கல்லில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கணக்காளர் ஒருவர் பேசியது)



"கம்ப்யூட்டரைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசு" என்று தலைவியம்மா சொன்னார்கள். கம்ப்யூட்டர் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கீபோர்டும் மவுஸும் தினமும் என் கையில் கிடக்கிறவை. அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. ஒரு அக்கா, மாதத் தவணை 1,000 ரூபாயைத் தவறாமல் கட்டுகிறவர். ஒரு கூட்டத்தில் பாக்கிப் பட்டியலைப் படித்தபோது அவர் பேரும் வந்தது, 900 ரூபாய் பாக்கி என்று. எல்லார் முன்னாலும் படித்தாச்சு. அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் பாஸ்புக்கோடு வந்துவிட்டார். "ஏம்மா, நான் கட்டுன காசு எங்க போச்சு?" என்றார்.

பாஸ்புக்கில் என் கையெழுத்திலேயே 1,000 என்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் 100. அவர் முன்னாலேயே தட்டிப் பார்த்தேன். பூஜ்ஜியத்தை மூன்று முறை அழுத்தினால் இரண்டுதான் விழுகிறது! கீபோர்டு வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. விலை குறைவு என்று பார்த்து, வேறு வேலையாக டவுனுக்குப் போனவரிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னது. தட்டப் போகிற நான் கூடப் போகவில்லை. பதிந்த பிறகு பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்காதது என் தப்பு. அடுத்த கூட்டத்தில் திருத்தத்தைப் படித்து, அந்த அக்காவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

நம்ம ஊர் பூட்டுக்குப் பேர் போன ஊர். பூட்டு வாங்கினால் சாவியைப் போட்டு நாலு தடவை திறந்து மூடிப் பார்க்காமல் யாராவது காசு கொடுப்போமா? கீபோர்டை மட்டும் ஏன் அட்டைப் பெட்டியோடு வாங்கி வருகிறோம்?

கடையில் கம்ப்யூட்டரில் மாட்டித் தரச் சொல்லுங்கள். நோட்பேடைத் திறந்து 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் பத்து முறை தட்டுங்கள். பத்து விழுந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

நமக்கு வேலை எழுத்தைவிட எண்ணில்தான் அதிகம். சேமிப்பு, தவணை, வட்டி எல்லாமே எண். அதனால் வலது ஓரத்தில் தனியாக எண் கட்டம் உள்ள பெரிய கீபோர்டுதான் வாங்க வேண்டும். சின்னதாக, அழகாக இருக்கிறது என்று எண் கட்டம் இல்லாததை வாங்கிவிட்டால் மேல் வரிசையிலேயே தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிடும். இன்னொன்று, செல்போனில் எண் தட்டும்போது மேலே 1, 2, 3 இருக்கும். கீபோர்டின் எண் கட்டத்தில் மேலே 7, 8, 9 இருக்கும். போன் பழகின விரல் இங்கே தடுமாறும். 1 போட நினைத்து 7 போட்டுவிடுவோம். நடுவில் உள்ள 5 மேல் சின்ன மேடு இருக்கும். அதில் நடுவிரலை வைத்துப் பழகினால் பார்க்காமலே தட்டலாம். எண்ணே விழவில்லை என்றால் பயப்படாதீர்கள், நம் லாக் அணைந்திருக்கும்.

தமிழுக்கு வருவோம். "தமிழ் கீபோர்டு எங்கே கிடைக்கும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். பலகை ஒன்றுதான், எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. டைப் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்த பிள்ளைகள் பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கலாம். புதிதாகப் படிப்பவர்களுக்குத் தமிழ் 99 என்பேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பேசி முடிவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. எழுத்து தெரிய வேண்டுமென்றால் விசை மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுங்கள், போதும்.

மவுஸ் விஷயத்தில் கையளவுதான் முக்கியம். கடையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை அதன் மேல் படிய வேண்டும், விரலால் கவ்விப் பிடிக்கிற மாதிரி இருந்தால் சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். முதல் மவுஸை 1960-களில் அமெரிக்காவில் மரப்பெட்டியில் செய்தார்களாம், அதைப் பிடித்தவர்கள் கை என்ன பாடு பட்டதோ! கண்ணாடி மேசை மேல் இப்போதைய மவுஸ் பலவும் சரியாக ஓடாது, அடியில் ஒரு அட்டை வையுங்கள். பழசாகிப்போன மவுஸ் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறையாக எடுத்துக்கொள்ளும். ரசீது பதியும்போது அப்படி ஆனால் ஒரே பணம் இரண்டு தடவை ஏறிவிடலாம். அந்த மவுஸை அன்றைக்கே மாற்றுங்கள்.

வயர் இல்லாதது வேண்டுமா என்றால், நான் வேண்டாம் என்பேன். கூட்டம் நடக்கிற நேரம் பார்த்துத்தான் பேட்டரி தீரும். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு குழுவில் சொருகுகிற சின்னத் துண்டு தொலைந்து, மவுஸ் சும்மா கிடக்கிறது. உங்களுடையது ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் என்றால், பின்னால் வட்ட முனையா யுஎஸ்பி முனையா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சீவல் சரகு, ரெட்டியார்சத்திரம் பக்கமெல்லாம் காற்றடி காலத்தில் வரும் புழுதி உங்களுக்கே தெரியும். வேலை முடிந்ததும் கீபோர்டை மூடிவிடுங்கள். என்னுடையதற்குப் பழைய சின்னாளப்பட்டிச் சேலையில் ஒரு துண்டு. வாரம் ஒருமுறை வயரைக் கழற்றிவிட்டு, கவிழ்த்துத் தட்டினால் முறுக்குத் தூள்கூட விழும். யார் தின்றது என்று இங்கே கேட்க மாட்டேன்.

அந்தப் பழைய கீபோர்டை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், பக்கத்தில் இப்போது நான் தட்டுவதும் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் முன்னால் கணக்காளர்கள் எல்லாரும் வந்து இரண்டிலும் பூஜ்ஜியத்தைப் பத்து முறை தட்டிப் பாருங்கள்.