கம்பியில்லா இணைப்பு அறுந்தால்

வானொலி கேட்போருக்குக் கம்பியில்லாத் தொடர்பு புதியதொன்றன்று. கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளே இப்பேச்சைத் தங்கள் இல்லத்திற்குக் கொணர்கின்றன. மடிக்கணினியை இணையத்தோடு சேர்க்கும் 'வைஃபை'யும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேற்றுமை அலையின் நீளத்தில் இருக்கிறது. மத்திய அலை வானொலியின் அலைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ளவை. வைஃபை அலைகளோ ஒரு சாண் நீளமும் இல்லாதவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதி.

இவ்விணைப்பு திடீரென நின்றுவிட்டால் வீட்டிலிருப்போர் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் பொறியியல் கற்றவரல்லோம். ஆயினும் ஓரிரவு நாம் செய்த பிழை நமக்குச் சில பாடங்களைக் கற்பித்தது.

அன்று நம் மகள் ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டிய இறுதி நாள். நள்ளிரவோடு காலக்கெடு முடிவடையும். இரவு 9 மணிக்கு மடிக்கணினியில் இணைப்பு இல்லை. நாம் சற்றும் யோசியாது, ரௌட்டர் பெட்டியின் பின்புறமுள்ள சிறு துளையில் குண்டூசியை நுழைத்து அழுத்தினோம். பெட்டி புத்துயிர் பெறும் என்பது நம் எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. அத்துளை பெட்டியில் பதிந்திருந்த பெயர், கடவுச்சொல், இணைய நிறுவனம் தந்த கணக்கு விவரம் ஆகிய அனைத்தையும் அழித்துவிடுவதற்கென அமைந்தது. "அப்பா, என் ஃபோனில் வைஃபை இதுவரை வந்துகொண்டுதானே இருந்தது?" என்று மகள் கேட்டபோதுதான் நமது அவசரத்தின் விளைவு புரிந்தது.

கைபேசிக்கு இணைப்பு இருந்ததெனில் ரௌட்டர் குற்றமற்றது, குறை மடிக்கணினியில்தான். பார்த்தால், விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் பொறித்த விசை, மாலையில் தூசு துடைக்கும்போது அழுந்தியிருந்தது. அது கணினியின் அலைத் தொடர்பு முழுவதையும் நிறுத்திவிடும் விசை. அதனை மீண்டும் அழுத்தி, கைபேசியின் சொந்த இணையத்தை 'ஹாட்ஸ்பாட்' வழியாகக் கணினிக்குக் கொடுத்து, ஒருவாறு விண்ணப்பத்தை அனுப்பி முடித்தோம். ரௌட்டரைப் பழைய நிலைக்குக் கொணர மேலும் இரண்டு நாட்கள் ஆயின. ஒரு விசையால் நேர்ந்த குறையைத் தீர்க்கப் புகுந்து, இரண்டாவது குறையை நாமே உண்டாக்கினோம்.

குழாயில் நீர் வரவில்லையெனில் முதலில் மற்றொரு குழாயைத் திறந்து பார்க்கிறோம், தொட்டியை இடிப்பதில்லை. இங்கும் அதுவே முறை. இணைப்பின் வழி மூன்று பகுதிகளை உடையது. மடிக்கணினியிலிருந்து ரௌட்டர் வரை அலைவழி. ரௌட்டரிலிருந்து நிறுவனம் வரை கண்ணாடியிழை அல்லது கம்பிவழி. அதற்கு அப்பால் வெளியுலகம். எந்தப் பகுதி அறுந்தது என்பதை அறியுமுன் எதனையும் மாற்றலாகாது.

முதற் சோதனை, கைபேசியை வைஃபையில் இணைத்துப் பார்ப்பது. அப்போது கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அது தன் சொந்த இணையத்தைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியில் இணையம் வருமாயின் கணினியைக் கவனிக்கலாம். விமான விசையைப் பார்த்தபின், வைஃபைப் பட்டியலில் நம் வீட்டுப் பெயரை 'மறக்கச்' செய்து, கடவுச்சொல்லை மீண்டும் தரலாம். கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்து, கணினி பழையதையே நினைவில் வைத்திருப்பது அடிக்கடி நேர்வதாகும். இணைந்த பின்னும் பல தளங்கள் திறக்க மறுத்தால், கணினியின் தேதியும் நேரமும் சரியா எனப் பார்ப்பது நலம்.

கைபேசியிலும் வரவில்லையெனில் ரௌட்டரை நோக்குவோம். மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுத்து, விளக்குகள் நிலைபெறச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கண்ணாடியிழைப் பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரியுமானால், இழைவழி வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அதன்பின் செய்ய வேண்டியது நிறுவனத்திற்குத் தெரிவிப்பது ஒன்றே.

சில சமயம் 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று கணினி கூறும். அப்போது கணினியின் அமைப்புகளில் ஐ.பி. முகவரி என்னும் எண்ணைக் காண்க. அது 169.254 எனத் தொடங்கினால் ரௌட்டர் முகவரி வழங்கவில்லை. கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என அறியலாம். 192.168 எனத் தொடங்கினால், வீட்டிற்குள் உள்ள வழி பெரும்பாலும் செம்மையாகவே இருக்கிறது; குறையை வெளியே தேட வேண்டும்.

இணைப்பு அறாமல் மெலிந்து போவதும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என நம் அரசு 2005ஆம் ஆண்டில் விதி வகுத்தது. எனவே அண்டை வீட்டாரின் ரௌட்டரும், நம் புளூடூத் கருவிகளும் அதே வரிசையில் நெருக்குகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அங்கேயே இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் அது சுவர்களைக் கடப்பதில் வலிமை குன்றியது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, நீர்த்தொட்டி இவை அலைக்குத் தடை. ஆகவே ரௌட்டரை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே சிறப்பு.

இறுதியாக இரண்டு சொற்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். பயனில்லையெனில் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். இணைப்பு நன்றாயிருக்கும் இன்றே, கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். நமது நோட்டில் இப்போது அவை முதற் பக்கத்திலேயே இருக்கின்றன. குண்டூசிப் பெட்டியையும் ரௌட்டர் இருக்கும் அறையிலிருந்து அகற்றிவிட்டோம்.