வரி போன பிறகும் மிஞ்சியிருக்கும் வரி



மாதம் பிறந்தால் சாமான் பட்டியல் எழுதுகிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு தாயும் வயதுக்கு வந்த இரண்டு மகள்களும் உள்ள வீடு என்றால் மூன்று பேருக்கும் சானிட்டரி நாப்கின் வாங்கியாக வேண்டும். கையில் பணம் குறைந்த மாதத்தில் முதலில் அடிபடுவது அதுதான். மகள்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, தனக்குப் பழைய துணியே போதும் என்று இருந்துவிடும் தாய்மார்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கி ஐம்பதை நெருங்கும்வரை வரும் செலவு இது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அப்படிப்பட்ட ஒரு பொருளின் மேல் வரி போடலாமா?

நம் நாட்டில் போட்டார்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நடைமுறைக்கு வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் என்று முடிவானது. 40 ரூபாய் பாக்கெட் ஒன்றில் நான்கு ரூபாய்க்கு மேல் வரியாகப் போனது. அதே வரிப் பட்டியலில் குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்மைக்கும் வரி இல்லை. கண்ணாடி வளையலுக்கும் இல்லை.

பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை. அசாமைச் சேர்ந்த அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுஷ்மிதா தேவ் தொடங்கிய கோரிக்கை மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பொட்டுக்கும் கண்மைக்கும் விலக்கு உண்டென்றால் நாப்கினுக்கு ஏன் இல்லை என்று நீதிபதிகள் கேட்டார்கள். வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும், 31 பேர் கொண்ட ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒரு பெண்கூட இல்லையே என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். போராட்டம் பலித்தது. 2018 ஜூலை 21ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் நாப்கினுக்கு முழு விலக்கு அளித்தது.

வரி போய்விட்டது. ஆனால் 12 சதவீதமும் விலையிலிருந்து இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை. காரணத்தைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு தொழிற்சாலை 100 ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்கி, அதற்கு 18 ரூபாய் வரி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செய்து விற்கும் பொருளுக்கு வரி உண்டு என்றால், அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் இந்த 18 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். விற்கும் பொருளுக்கு வரிவிலக்கு என்றால் கழிக்க இடமே இல்லை. அந்த 18 ரூபாய் அடக்க விலையில் சேர்கிறது. கடைசியில் நாப்கின் வாங்குகிறவர் தலையில் வந்து விழுகிறது. ரசீதில் மட்டும் அது தெரிவதில்லை.

நாப்கினில் ஈரத்தை உறிஞ்சும் பாலிமருக்கும், கசியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும், ஒட்டும் பசைக்கும் 18 சதவீத வரி என்று 2017லேயே நிதி அமைச்சகம் பட்டியலிட்டுச் சொன்னது. முழு விலக்கு கொடுத்தால் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதையே அமைச்சகம் அன்று காரணமாகக் காட்டியது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு பெண்களிடம் வரி வாங்குவது அல்ல. மூலப்பொருளில் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுப்பதே சரியான தீர்வு.

இது நடக்காத காரியமும் அல்ல. அதே தொழிற்சாலை அதே நாப்கினை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தால், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டுப் பெறச் சட்டம் இன்றே இடம் தருகிறது. அயல்நாட்டுப் பெண்ணுக்குப் போகும் நாப்கினில் நம் வரி இல்லை. உள்ளூர்ப் பெண் வாங்கும் நாப்கினில் இருக்கிறது. இதை எப்படி நியாயம் என்று சொல்வது?

இதில் சிறு உற்பத்தியாளர்களின் பாடு இன்னும் கடினம். கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய மலிவு விலை இயந்திரம் எத்தனையோ மகளிர் குழுக்களை நாப்கின் தயாரிப்பில் இறக்கியது. அந்தப் பணிக்காக 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூலப்பொருள் வாங்கும் ஒரு குழு, பெரிய நிறுவனத்தோடு விலையில் போட்டியிட வேண்டும். அதன் மேல் இந்த மறைமுக வரிச் சுமையும் ஏறினால் அது எப்படி நிலைக்கும்?

மற்ற நாடுகளின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். கென்யா 2004லேயே இந்த வரியை நீக்கி முன்னோடியானது. தான்சானியா 2018இல் நீக்கியது. விலை குறையவில்லை, லாபம் வியாபாரிகளுக்கே போயிற்று என்று சொல்லி மறு ஆண்டே மீண்டும் விதித்துவிட்டது. பிரிட்டன் 2021 ஜனவரி முதல் நீக்கியது; அங்கும் பலனில் பெரும்பகுதி வாங்குவோரைச் சென்றடையவில்லை என்று ஆய்வு சொன்னது. ஆகவே வரியை நீக்கும் அரசு, விலை குறைகிறதா என்றும் கண்காணிக்க வேண்டும். குறையவில்லை என்றால் வியாபாரியைத்தான் கேட்க வேண்டும். வரியைத் திரும்பக் கொண்டுவந்து பெண்களைத் தண்டிக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், பெண் கைதிகளுக்கும் அரசு இலவசமாக நாப்கின் தருகிறது. மக்கள் மருந்தகங்களில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டும் மனமாரப் பாராட்ட வேண்டியவை. இருந்தாலும் பெரும்பாலான பெண்கள் வாங்குவது பக்கத்துத் தெருக் கடையில்தான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் துணியையும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். தெருக் கடை விலையில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் இவர்களுக்கு உதவும்.

நேயர்களே, ஜி.எஸ்.டி. மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மாநிலங்களுடையது. நம் மாநிலத்தின் அமைச்சரும் அங்கே உறுப்பினர். நாப்கின் மூலப்பொருளுக்கான வரியைத் திருப்பிக் கொடுங்கள், அந்தப் பலன் விலையில் தெரியும்படி செய்யுங்கள் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். பெண்கள் மட்டும் எழுதினால் போதாது. அப்பாக்களும் அண்ணன் தம்பிகளும் எழுத வேண்டும். 2018இல் கேட்டதால்தான் கிடைத்தது. மிச்சத்தையும் கேட்டு வாங்குவோம்.