மருந்தைச் சுமந்து செல்லும் உறை

(ரமளானை முன்னிட்டு நம் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் இஷா தொழுகைக்குப் பின் முஹல்லாவாசியான பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், இந்தக் கேப்ஸ்யூலின் மேல்தோல் ஹராமோ என்று ஐயமாக இருக்கிறது. எனவே தோலை எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் மணிகளைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல்தான் தீரவில்லை" என்றார். அம்மருந்தின் பெயர் ஒமிப்ரசோல்.

மதரஸாவில் நமக்கு இக்கல்வி புகட்டப்படவில்லை. ஆகவே, ஜமாஅத்தைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவரிடம் கேட்டோம். அவர் கூறியது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஒமிப்ரசோல் இரைப்பையின் அமிலம் பட்டால் அழிந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு மணியின் மீதும் பாலிமர் என்னும் பொருளால் மெல்லிய பூச்சு இடப்பட்டிருக்கும். அப்பூச்சு அமிலத்தில் கரையாது. குடலை அடைந்த பின்னரே கரையும். பெரியவர் பொடித்தது மருந்தை அன்று, அதன் காவலை!

பாலிமர் என்றவுடன் பிளாஸ்டிக் என்று அஞ்ச வேண்டியதில்லை. சிறு கண்ணிகள் பல கோத்த நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறே பாலிமர். பஞ்சிலுள்ள செல்லுலோஸும் பாலிமர்தான். கேப்ஸ்யூல் தோலாகும் ஜெலட்டினும் பாலிமர்தான்.

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. மூலப்பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிடுவதால் அது தூய்மையானதே என 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கம் முடிவு கூறியது. இதனை ஏற்காத உலமாக்களும் உள்ளனர். அவ்விவாதத்தை இங்கே நாம் தீர்க்கப் புகவில்லை. ஐயமுள்ளவர்கள் தாவரச் செல்லுலோஸால் ஆன கேப்ஸ்யூல் உண்டா, அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தாமாகப் பிரித்துப் பொடிப்பது வழியன்று.

நம்மில் பலர் சர்க்கரை நோயாளிகள். மெட்ஃபார்மின் உட்கொள்வோர் தம் மாத்திரை அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. அதிலுள்ள செல்லுலோஸ் வகைப் பாலிமர் வயிற்று நீரில் ஊறிக் கூழாகி, மருந்தைப் பல மணி நேரம் கசியவிடும். மருந்து இறங்கிய பின் வெறும் கூழ் மலத்தில் மாத்திரை வடிவிலேயே வெளிப்படுவதும் உண்டு. "மாத்திரை செரிக்கவே இல்லையே" என்று அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இத்தகைய மெட்ஃபார்மினை நோன்பு திறக்கும் வேளையில் உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுவது வழக்கம். நோன்பாளிக்கு இது பெரும் இலகு. ஆனால் விழுங்கச் சிரமம் என்று அதைக் கடித்தாலும் பொடித்தாலும் இலகு போய்விடும். மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். கிளிக்லசைடு எம்.ஆர். போன்ற மாத்திரைகளில் இது இன்னும் ஆபத்தானது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமே வரலாம். ஸஹரில் ஒருவர் இப்படிப் பொடித்து உண்டுவிட்டு, பகலில் கைகால் நடுங்கும்போதும் நோன்பை விடத் தயங்கினால் என்னவாகும்? நோயாளிக்கு அல்லாஹ் அளித்துள்ள சலுகையை மறுப்பது பக்தியாகாது.

"இன்சுலினையும் இப்படி உறையிட்டு மாத்திரையாக்கினால் என்ன?" என்று இளைஞர் ஒருவர் வினவினார். நல்ல கேள்வி. இன்சுலின் ஒரு புரதம். இறைச்சியைச் செரிப்பதுபோலவே வயிறு அதையும் செரித்துவிடும். நம் அண்டையிலுள்ள பெங்களூரின் பயோகான் நிறுவனம், இன்சுலினோடு குறுகிய பாலிமர்த் துண்டொன்றை இணைத்து, ஐ.என்.-105 என்ற பெயரில் சோதித்தது. 2011இல் வெளியான பெரிய சோதனையின் முடிவில் எதிர்பார்த்த பலன் எட்டப்படவில்லை. ஆகவே ஊசி ஓயவில்லை. தோலுக்கடியில் இடும் இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. அளவையும் நேரத்தையும் மருத்துவரே கூற வேண்டும்.

ஜிப்மரிலோ வேறெங்கோ மருந்து பெறுவோர், ரமளானுக்கு முன்பே மாத்திரை அட்டைகளை எடுத்துச் சென்று எதை எப்போது உண்பது, எதை உடைக்கலாகாது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரும் மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் மாத்திரையாக எழுதித் தந்தார். அம்மி மீண்டும் சட்னிக்கே பயன்படுகிறது என்று அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டே கூறினார்.