ரிசல்ட் வரும் முன்பே விண்ணப்பிப்போம்

(பிளஸ் டூ மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் சிதம்பரத்தில் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டி அமர்வில் ஆற்றப்பட்ட உரை)

 

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மறுநாளே நம் அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், மங்கலம்பேட்டை, கடலூர் முதுநகர் என்று எல்லா ஊர்களிலிருந்தும் வருவார்கள். "பிள்ளை நல்ல மார்க் எடுத்திருக்கு. பெரிய யுனிவர்சிட்டியில ஸ்காலர்ஷிப் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்பார்கள். அவர்களில் பலருக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கும் பதில்: "அதற்கான தேர்வு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது."

மார்க் இருந்தும் தேதி தெரியாததால் வாய்ப்பு போகிறது. இதைத் தடுக்கத்தான் இன்றைய அமர்வு.

உதவித்தொகை மூன்று வகை

முதல் வகை, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வின் ரேங்க்கை வைத்துத் தருவது. நமக்குப் பழக்கமான உதாரணம் வேலூர் விஐடி. அதன் பி.டெக். நுழைவுத் தேர்வில் முதல் 10 ரேங்க்குக்கு 75 சதவீதம், 11 முதல் 50 வரை 50 சதவீதம், அதற்கடுத்து வரும் சில ரேங்க்குகளுக்கு 25 சதவீதம் கல்விக் கட்டணச் சலுகை என்று பல ஆண்டுகளாக அறிவித்து வருகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் நாடு முழுவதும் லட்சத்துக்கும் மேல். அதில் இந்த ரேங்க்குகளுக்குள் வருவது எளிதல்ல. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் திறக்கும், மார்ச் கடைசியில் மூடும். அதாவது, பிளஸ் டூ பரீட்சை முடிகிற நேரத்தில் இந்தக் கதவும் மூடிவிடும்.

இரண்டாம் வகை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தருவது. இதே விஐடியில் 'ஸ்டார்ஸ்' என்றொரு திட்டம் 2008 முதல் நடக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் பெறும் ஒரு மாணவர், ஒரு மாணவிக்கு முழுப் படிப்பும் இலவசம். தங்கும் இடமும் சாப்பாடும் சேர்த்து. கடலூர் மாவட்டத்துக்கும் அந்த இரண்டு இடம் உண்டு. தனியார் மெட்ரிக் பள்ளிக்குப் பணம் கட்டிப் படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது. அரசுப் பள்ளியில் பிள்ளை படிப்பதைக் குறைவாக நினைக்கும் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, குடும்பத்தின் பொருளாதார நிலையையும் பார்ப்பது. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், அரியானாவிலுள்ள அசோகா பல்கலைக்கழகம் போன்றவை இப்படித் தருகின்றன. இடம் கிடைப்பது திறமையால். கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி என்பது வருமானத்தால். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்தும் உதவி உண்டு. ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் 5,000 முதலாண்டுப் பட்டப்படிப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதற்குமாக 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதற்கும் ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும்.

'75 சதவீதம்' எதில்?

'ஸ்காலர்ஷிப்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அட்வான்ஸ் கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், பேருந்து எல்லாம் தனி.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். 25 சதவீதச் சலுகை கிடைத்தால் 50 ஆயிரம் குறையும். மீதி ஒன்றரை லட்சம். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் இன்னொரு ஒன்றரை லட்சம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம், நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். ஸ்காலர்ஷிப் கிடைத்த சந்தோஷத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால், இரண்டாம் ஆண்டில் உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும். வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்று உறுதியாக இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய சோதனை.

சலுகை தொடர்ந்து கிடைக்க என்ன நிபந்தனை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரியர் வைத்தால் போய்விடுமா? எத்தனை சிஜிபிஏ இருக்க வேண்டும்? முதலாண்டுக்கு மட்டுமா, கடைசி வரையிலா? வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஏஜென்ட் மூலம் போகவே வேண்டாம்.

எதை விட்டுக்கொடுக்கிறோம்?

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருவதில்லை. அங்கே சேர்ந்தால் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் அங்கே பேசாது. 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கும் உண்டு. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இத்தனையையும் ஒரு தட்டிலும், தனியார் பல்கலைக்கழகத்தின் 25 சதவீதத்தை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

நம் வாசலிலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் மறக்க வேண்டாம். 1929-இல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013-இல் தனிச் சட்டம் இயற்றி அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த மருத்துவக் கல்லூரியும் இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. வீட்டிலிருந்து போய்வந்தால் விடுதிச் செலவும் இல்லை.

ஆகவே இரண்டு பக்கமும் விண்ணப்பியுங்கள். ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் மறுபக்கம் கைகொடுக்கும். தனியாரில் பணம் கட்டிய பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால் பயப்பட வேண்டாம். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி யுஜிசி விதி இருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தர வேண்டும் என்று அறிவித்தது. அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கும் எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை.

காகிதங்கள்

நம் பிள்ளைகளின் விண்ணப்பம் அதிகம் சிக்குவது பெயரில்தான். பள்ளியில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பேங்க் பாஸ்புக்கில் வெறும் 'எம்.டி.'. உம்மாவின் பெயரில் ஓரிடத்தில் 'பீவி', இன்னோரிடத்தில் 'பேகம்'. நமக்கு எல்லாம் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு ஆட்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரையும் பாஸ்புக்கையும் இப்போதே திருத்திவிடுங்கள். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் ஓடினால் முடியாது.

சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்னி முஸ்லிம், ஷேக், சையத் என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு இருக்க வேண்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடக்கம். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாப்பா சவூதியிலோ குவைத்திலோ இருந்தால் அந்த வருமானத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்து வாங்கும் உதவி இன்னொரு ஏழைப் பிள்ளையின் பங்கு. பிறகு தெரியவந்தால் சலுகை பறிபோவது ஒரு பக்கம், நம் ஊரின் பெயரும் கெடும். வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பியிருந்தால் அதைத் தயங்காமல் எழுதுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

மாணவர்களுக்கு

சில பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைக்கும், உங்களைப் பற்றி எழுதச் சொல்லும். மனப்பாடம் செய்த பெரிய வார்த்தைகள் அங்கே எடுபடாது. பரங்கிப்பேட்டையில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததை, வெள்ளக் காலத்தில் பள்ளிவாசலில் சோறு பொட்டலம் கட்டியதைச் சொல்லுங்கள். செய்ததைச் சொல்கிறவர் திணற மாட்டார்.

பெண் பிள்ளைகள்

"வேலூர் தூரம், சென்னை தூரம்" என்று சொல்லி, விண்ணப்பம் போடும் முன்பே பெண் பிள்ளைகளின் பெயரை அடித்துவிடுகிறோம். அனுப்புவதா வேண்டாமா என்பதை இடம் கிடைத்த பிறகு பேசலாமே! ஒருமுறை வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து போய் விடுதியைப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், ஏற்கெனவே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளையிடம் விசாரியுங்கள். பிறகு முடிவெடுங்கள். உள்ளூரிலேயே படித்தாலும், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது.

நாம் செய்யப்போவது

ரிசல்ட்டுக்குப் பின் கேடயம் கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் நுழைவுத் தேர்வு விண்ணப்பக் கட்டணமே ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்பதால் பின்வாங்கும் பிள்ளைக்கு, கேடயத்தைவிட அந்தப் பணம் அவசரம். தகுதியுள்ள பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டணத்தை நம் அறக்கட்டளை ஏற்கும். தேர்வு மையத்துக்குப் போய்வர பஸ் செலவும் தருவோம். தனவந்தர்கள் இதற்கென ஒரு பங்கை ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

விதிகளும் சதவீதங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே இன்று கேட்டதை வைத்துக்கொண்டு நின்றுவிடாமல், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த ஆண்டு அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம். வரும்போது ஆதார், பாஸ்புக், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் எடுத்து வாருங்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்பதிலிருந்தே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.