வயலுக்குள் காற்று புகட்டும்



நடவு முடிந்த வயலில் தண்ணீர் தளும்பி நின்றால்தான் விவசாயிக்கு மனம் நிறையும். அந்தத் தண்ணீருக்கும் புவி சூடாவதற்கும் உள்ள தொடர்பைத்தான் இன்று பேசப்போகிறேன்.

வயலில் ஓயாமல் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் தாளிலிருந்தும் வேரிலிருந்தும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் வழியாகவே மேலேறிக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட மீத்தேன் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. மனிதரால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது. ஆனால் அது சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால், நம் காலத்திலேயே பலன் தெரியும்.

அதற்கு வழி, காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட பயிர் வேர்பிடித்த பிறகு, குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து அரை அடி கீழே இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். அந்த ஆழம்வரை வேருக்கு ஈரம் எட்டும், பயிர் வாடாது. பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிவரும் இந்த முறையில், விளைச்சல் குறையாமல் 30 விழுக்காடு வரை தண்ணீர் மிச்சமாகும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மண் காய்ந்து நனையும்போது, கூடுதலாக இட்ட யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது மீத்தேனைவிடப் பல மடங்கு வீரியமானது. எனவே இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும் அளவுக்கே யூரியா இடுங்கள்.

இந்த முறை எல்லா வேளையிலும் கைகூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயவிட முடியாது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் இடங்களிலும், அடுத்த முறை எப்போது என்று தெரியாத விவசாயி, வந்த தண்ணீரைத் தேக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. உரிய நாளில் தண்ணீர் வருமென்ற உறுதியைப் பாசனத் துறைதான் தர வேண்டும்.

பம்புசெட் வைத்துக் குறுவை செய்வோருக்கு இந்தத் தடை இல்லை. வருகிற குறுவையில் ஒரே ஒரு வயலில் குழாயைப் பதித்துப் பாருங்கள். அறுவடையன்று பக்கத்து வயலோடு விளைச்சலை ஒப்பிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.