உப்புப் போத்தலை அடுப்பிலிருந்து தள்ளி வைப்போம்

(மாத்தளை மாவட்டத் தோட்ட மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு வேலை கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. சம்பளத்தையும் லயத்துக் கூரையையும் பற்றிப் பேசத்தான் வழக்கமாகக் கூடுவோம். இன்றைக்கு நம்முடைய கழுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். முன்வரிசையில் உட்கார வைத்தாலும் தூங்கி விழுவாள். வெயில் நேரத்திலும் சுவெட்டரைக் கழற்ற மாட்டாள். பாடம் மெதுவாகத்தான் ஏறும். ஆசிரியர்களாகிய நாங்களே அவளைச் சோம்பேறி என்றோம். ஒரு வருடம் கழித்துத்தான் பாடசாலைக்கு வந்த சுகாதாரக் குழு கழுத்தைத் தடவிப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. தைரொயிட் சுரப்பி வேலை குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் பிள்ளை கை தூக்கிக் கேள்வி கேட்டாள். ஆனால் போன வருடத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்தச் சுரப்பிக்கு மூலப்பொருள் அயடீன். அயடீன் போதாவிட்டால் சுரப்பி கஷ்டப்பட்டு வேலை செய்து வீங்கும். அதைத்தான் கண்டக்கழலை என்கிறோம். கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் போதாவிட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இது நம் நாட்டுக்குப் பழைய நோய். 1980களில் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. கடலோரக் களுத்துறையில்தான் ஆகக் கூடுதல், 30.2. நம்முடைய மாத்தளையில் ஆகக் குறைவு, 6.5. குறைவுதானே என்று சும்மா இருக்க முடியாது. நூறு பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலையில் அது ஆறேழு பிள்ளைகள்.

அதன் பிறகு 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. 2010இல் பார்த்தபோது பிள்ளைகளிடம் கழலை நூற்றுக்கு 4.4 ஆகக் குறைந்திருந்தது. ஒரு சட்டம் ஒழுங்காக நடந்தால் ஏழை வீட்டுக் கழுத்துக்கும் பலன் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் சட்டம் கடை வரைக்கும்தான் வரும். கடையிலிருந்து கறிச்சட்டி வரைக்கும் நம் கையில்தான் இருக்கிறது. அயடீன் சூட்டிலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும் குறைந்துபோகும். நம் வீடுகளில் உப்பு எங்கே இருக்கிறது? அடுப்புத் திட்டில், மூடாத சிரட்டையில். சிலர் கட்டி உப்பைக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். கழுவும் தண்ணீரோடு அயடீனும் போய்விடும்.

ஆகவே நாலு காரியம் செய்வோம். அயடீன் சேர்த்தது என்று அச்சடித்த பக்கெட்டையே வாங்குவோம். உப்பைக் கழுவாமல், மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வைப்போம். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவோம். ஒரே தடவையில் மாதக்கணக்குக்கு வாங்கிக் குவிக்க மாட்டோம். 2025இல் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததை வாங்கினோம். அப்படியான நேரத்திலும் பக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். பிரஷர் வந்துவிடும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயடீன் 150 மைக்ரோகிராம்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. அந்தக் கூடுதலுக்கு முட்டை, பால், கடல் மீன், நெத்தலி உதவும். இரத்தம் குறைந்தாலும் தைரொயிட் தளரும், அதனால் கீரையும் பருப்பும் கட்டாயம் வேண்டும். மரவள்ளிக்கிழங்கை நன்றாக அவித்துச் சாப்பிடலாம், ஆனால் தினமும் அதுவே சாப்பாடாக இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். எல்லாத் தைரொயிட் நோயும் அயடீன் குறைவால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதும் உண்டு. பெண்களுக்குத்தான் அது அதிகம். அதைச் சாப்பாட்டால் மட்டும் மாற்ற முடியாது. தீராத களைப்பு, குளிர் தாங்காமை, காரணமில்லாமல் உடம்பு பெருப்பது, மலச்சிக்கல், மாதவிலக்கு அதிகமாகப் போவது, கழுத்தில் வீக்கம், இவை இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். 'மலையேறி இறங்கினால் களைப்பு வரத்தானே செய்யும்' என்று நாமே தள்ளிப் போடுகிறோம். பஸ்ஸில் வந்து விற்கும் பொடியையும் மருந்தென்று நம்ப வேண்டாம்.

மாத்திரை குடிக்கும் அக்காமார் கவனியுங்கள். விடிய எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு குடியுங்கள். தேத்தண்ணியோடு குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அரை மணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். பிள்ளை உண்டானால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவு மாற்ற வேண்டி வரும்.

மாத்திரை ஏன் நிற்கிறது என்றும் எங்களுக்குத் தெரியும். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும், பஸ் காசும் போகும். இரண்டு மாதம் தவறினால் மருந்து தீரும், பிறகு களைப்பால் கொழுந்து நிறை குறையும், அப்போது அரைப்பேர் போடுவார்கள். நோய்க்கு ஒரு தடவை, நோயால் ஒரு தடவை என்று இரண்டு முறை கூலி இழக்கிறோம். இந்த இடத்தில் சங்கம் பேசியே ஆக வேண்டும்.

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். கிளினிக் துண்டைக் காட்டும் தொழிலாளிக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். தோட்டத்துக் கடைகளில் விற்கும் உப்பைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மனுக் கொடுப்போம். ஆசிரியர்களாகிய நாங்கள், வகுப்பில் தூங்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன்னால் அதன் கழுத்தைப் பார்ப்போம், தாயைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

கை தூக்குங்கள், தோழர்களே. தூக்கிவிட்டு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த உப்புச் சிரட்டையை எடுத்துவிடுங்கள்.